மேல் டை எங்கே? ஹைட்ரோஃபார்மிங்கில் முதல் தகடு எடுக்கிறவருக்கு

திரவ அழுத்தத்தால் தகட்டை வடிவமைக்கும் ஹைட்ரோஃபார்மிங் பிரஸ்ஸின் முன்னால் முதல்முறை வந்து நிற்கிற டூல் ஃபிட்டர் யாராக இருந்தாலும், தகட்டை மேலிருந்து அமுக்கும் அச்சைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "மேல் டை எங்கே?" ஓசூரில் விமானத்துக்குத் தகட்டு உதிரிகள் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்த முதல் நாள் நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முன் நான்கு வருடம், தகட்டைத் தள்ளும் பஞ்ச் என்ற அச்சையும் அதை ஏற்கும் டை என்ற அச்சையும் பொருத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்த்தே பழகிய கை. இங்கே தட்டில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியக் கட்டை மட்டும் இருந்தது. அதன்மேல் தகடு. தகட்டின்மேல் ஒரு ரப்பர் விரிப்பு. தட்டு பிரஸ்ஸுக்குள் போனது, கதவு மூடியது, இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே வந்தது. ரப்பரை எடுத்தால், தகடு கட்டையை ஈரத்துணி போலப் பற்றிக்கொண்டு கிடக்கிறது.

மேல் டையின் வேலையை எண்ணெய் செய்துவிடுகிறது. இந்தத் தொழிலின் ஆதாயங்கள் எல்லாம் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன, தொல்லைகளும் அங்கிருந்துதான். இதில் புதிதாக இறங்குகிறவர் பிரஸ்ஸைக் கண்டு மலைப்பார், பிளாங்க்கையும் (விரித்த அளவில் வெட்டிய தட்டைத் தகடு) கட்டையையும் சாதாரணமாக நினைப்பார். உண்மையில் தகடு கெட்டுப்போவது பிரஸ்ஸுக்குள் போகும் முன்பே. ஆகவே வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

பிரஸ்ஸின் மேல்பகுதியில் தடித்த ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. டயஃப்ரம் என்போம். அதன் பின்பக்கம் பம்ப் எண்ணெயை ஏற்றுகிறது. சவ்வு பலூன்போல உப்பி இறங்கி, தட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவாக அழுத்துகிறது. விமானப் பாகங்களுக்கான இந்த வகை பிரஸ்கள் 800 பார், 1,000 பார், அதற்கும் மேலே அழுத்தம் கொடுக்கும். 1,000 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு டன்! ஒரு ஏ4 தாளின் பரப்பில் 600 டன்னுக்கு மேல் வந்துவிடும். இந்த பிரஸ்களின் சட்டம் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வழி புதியதல்ல. அமெரிக்காவின் டக்ளஸ் விமான நிறுவனத்தில் 1930களின் பிற்பகுதியில் ஹென்றி கெரின் என்பவர் தடித்த ரப்பர் பாளத்தை மேல் டையாக வைத்துத் தகடு மடக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரப்பர் பாளம் தரும் அழுத்தம் குறைவு. வளைந்த ஓரங்களில் சுருக்கம் நின்றுவிடும்; அதைத் தட்டிச் சரிசெய்ய மரச் சுத்தியலோடு ஆட்கள் வரிசையாக உட்கார வேண்டியிருந்தது. அதே டக்ளஸில் வீலன் என்பவர் ரப்பருக்குப் பின்னால் திரவப் பையை வைத்தார். அழுத்தம் ஏற ஏற மரச் சுத்தியல் வேலை குறைந்தது. இன்றைக்கும் இந்த முறையின் முதல் ஆதாயம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். டை செலவு மிச்சம் என்பது விலைப்பட்டியலில் தெரியும். கைவேலை மிச்சம் என்பது பட்டறையில் நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

இதே பெயரில் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஆழமான கிண்ணம், கூம்பு இழுப்பது ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன். குழாயை அச்சுக்குள் வைத்து, இரு முனையையும் அடைத்து, உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏற்றி உப்பவைப்பது இன்னொன்று. 1997 மாடல் செவர்லே கார்வெட் காரின் நீளமான பக்கச் சட்டம் அப்படி ஒரே குழாயிலிருந்து வந்தது. அலுமினிய சைக்கிள் ஃபிரேம்களில் குழாய் ஒரு முனையில் வட்டமாகவும் மறுமுனையில் பட்டையாகவும் இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த வேலைதான். குழாய் தனிக் கலை. இங்கே தகட்டோடு நிற்கிறேன்.

முதல் வேலை: இந்தப் பாகம் இதற்கு ஏற்றதா?

வரைபடம் கைக்கு வந்ததும் பிரஸ் பக்கம் ஓடாதீர்கள். நேரான மடிப்பு இரண்டு மட்டும் இருக்கும் பிராக்கெட் என்றால், தகட்டை நேர்கோட்டில் மடக்கும் பிரஸ் பிரேக்கில் மடக்கி முடியுங்கள். மாதம் ஐம்பதாயிரம் துண்டு வேண்டும் என்றால் சாதாரண ஸ்டாம்பிங் டைக்கே போங்கள்; அங்கே சில நொடிக்கு ஒரு துண்டு விழும், இங்கே ஒரு சுற்றுக்கு நிமிடக்கணக்கில் ஆகும். அந்த வேகத்தோடு இதனால் போட்டி போட முடியாது.

ஏற்ற பாகம் வேறு மாதிரி இருக்கும். ஓரம் வளைந்து வளைந்து போகும், அந்த வளைவோடு மடிப்பும் கூடவே போகும், நடுவில் எடை குறைக்க விளிம்பு மடித்த துளைகள், ஓரிடத்தில் இன்னொரு தகட்டின்மேல் உட்கார ஒரு சின்னப் படி. எண்ணிக்கை பத்து, ஐம்பது, சில நூறு. விமான இறக்கைக்குள் விலா எலும்புபோல இருக்கும் ரிப் எல்லாம் இந்த ஜாதிதான். இதற்குச் சாதாரண முறையில் பஞ்ச், டை, தகட்டின் ஓரத்தை அமுக்கிப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டர் என்று மூன்றையும் ஸ்டீலில் கடைந்து, ஒன்றோடொன்று இடைவெளி பார்த்துப் பொருத்த வேண்டும். இங்கே ஒரு கட்டை போதும்.

இடைவெளி என்று ஒன்றே இல்லாததால் இன்னொரு வசதி. 1 மி.மீ. தகட்டுக்குச் செய்த கட்டையிலேயே 0.8 மி.மீ., 1.2 மி.மீ. தகட்டையும் ஏற்றலாம். உள் அளவு மாறாது. தடிமன் இன்னும் முடிவாகாத மாதிரித் துண்டுகளுக்கு இது பெரிய கொடை. தட்டில் இடம் இருந்தால் வலது, இடது, இன்னும் நான்கு வேறு பாகங்கள் என்று எல்லாக் கட்டைகளையும் ஒன்றாக அடுக்கி ஒரே சுற்றில் எடுத்துவிடலாம். சுற்று மெதுவாக இருப்பதை இப்படித்தான் ஈடுகட்டுகிறோம்.

ஒரு கணக்கை மட்டும் முன்கூட்டியே போடுங்கள். தகட்டைப் பள்ளமான மூலைக்குள் தள்ள வேண்டியிருந்தால், அந்த மூலை எவ்வளவு கூராக வரும்? தகட்டின் வலிமையை அதன் தடிமனால் பெருக்கி, அழுத்தத்தால் வகுத்தால் தோராயமான ஆரம் கிடைக்கும். பதப்படுத்தாத மென்மையான 2024 ரக அலுமினியத்தின் வலிமையை 200 மெகாபாஸ்கல் என்று வைப்போம். 1 மி.மீ. தகடு, 1,000 பார், அதாவது 100 மெகாபாஸ்கல்: விடை 2 மி.மீ. அதே மூலைக்கு 600 மெகாபாஸ்கல் வலிமையுள்ள ஸ்டெயின்லெஸ் தகடு என்றால் 6 மி.மீ. வேலை கொடுக்கும் பட்டறையின் பிரஸ் 400 பார்தான் தரும் என்றால் இவை 5, 15 என்று ஆகிவிடும். வரைபடத்தில் 3 மி.மீ. ஆரம் கேட்டிருந்து உங்கள் கணக்கில் 6 வந்தால், வடிவமைப்பாளரிடம் பேச வேண்டிய நேரம் அதுதான். கட்டை செய்தபிறகு பேசிப் பயனில்லை. கட்டையின் வெளி முனைமேல் மடங்கும் மடிப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த ஆரத்தைக் கட்டையே தந்துவிடும்.

தகடு எந்த நிலையில் இருக்க வேண்டும்

பெயர் ஒன்றாக இருந்தாலும் தகடு ஒன்றல்ல. 2024 அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி3 எனும் வலுவாக்கிய நிலையில் வாங்கினால் வலிமை உண்டு, வளையத் தயங்கும், 1 மி.மீ. தகட்டுக்கே மடிப்பின் உள் ஆரம் தடிமனைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். ஓ எனும் மென்மையாக்கிய நிலையில் வாங்கினால் வெண்ணெய்போல மடங்கும். ஆனால் பாகத்துக்கு வேண்டிய வலிமை அதில் இல்லை. செய்தபின் 493 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றித் தண்ணீரில் தணிக்க வேண்டும். மெல்லிய பாகம் தணிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். அதை நிமிர்த்துவது தனி வேலை.

நடுவழி ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். தட்டையான பிளாங்க்கையே முதலில் சூடேற்றித் தணித்துவிடுவது. தணித்த அலுமினியம் உடனே கெட்டியாவதில்லை. கொஞ்ச நேரம் மென்மையாக இருந்து, அறைச் சூட்டிலேயே மெல்ல மெல்ல வலுக்கிறது. சுமார் அரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸில் ஏற்றிவிட்டால் நன்றாக வளையும். அதன்பின் 96 மணி நேரம் சும்மா வைத்தால் டி42 எனும், தானாக வலுத்த நிலையின் வலிமை வந்துவிடும். அரை மணி போதாது என்றால் பிளாங்க்கை டீப் ஃப்ரீசரில் வைக்கிறோம். மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே அந்த வலுக்கும் வேகம் மிகவும் குறைந்துவிடும். ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போன்ற பெட்டிக்குள் நேரம் எழுதிய சீட்டோடு தகடுகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் மாலைத் தேநீருக்குப் போய்விட்டு வந்து ஏற்றிய பதினாறு துண்டுகளில் ஒன்பது ஓரத்தில் கீறல் விட்டபிறகு அந்தச் சீட்டின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. எடுத்த நேரத்தை எழுதுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மேலே பூக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

பிளாங்க்: பாதி வெற்றி இங்கே

விரித்த தகட்டின் அளவைக் கணக்கிடுவதில் புதியவர்கள் செய்யும் பிழை எளிமையானது. வெளி அளவுகளைக் கூட்டிவிடுவார்கள். நடுத்தளம் 100 மி.மீ., ஒரு பக்க மடிப்பு 20 மி.மீ., ஆக 120 என்று. தகடு 1 மி.மீ., உள் ஆரம் 3 மி.மீ. என்றால் மடிப்பு வளைவு இரு பக்கத்திலும் 4 மி.மீ. சாப்பிடுகிறது. நேரான பகுதிகள் 96, 16. வளைவின் நீளம் 1.571 பெருக்கல் 3.4, அதாவது 5.34. மொத்தம் 117.34. (3.4 என்பது உள் ஆரத்தோடு தடிமனில் 0.4 பங்கு சேர்த்தது. தகட்டுக்குள் நீளாமலும் குறுகாமலும் இருக்கும் கோடு அங்கே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.) 120 என்று வெட்டினால் மடிப்பு 2.66 மி.மீ. உயரமாக வரும். பிறகு ஓரத்தை வெட்டிச் சரிசெய்யாத பாகத்துக்கு அது நிராகரிப்பு.

நேர் மடிப்புக்கு இது போதும். வளைந்த ஓரத்தில் விஷயம் வேறு. ஓரம் உள்நோக்கிக் குழிந்திருந்தால், மடிக்கும்போது அதன் விளிம்பு நீள வேண்டும். 150 மி.மீ. ஆரமுள்ள குழிவில் 15 மி.மீ. அகல மடிப்பு என்றால், தட்டையாக இருந்தபோது விளிம்பு 135 மி.மீ. ஆரத்தில் இருந்தது, இப்போது 150க்குப் போகிறது. நீட்சி 11 சதவீதம். ஓ நிலை 2024 தகட்டுக்குக் குறைந்தபட்ச நீட்சி 12 சதவீதம் என்பது பொதுவான விவரக்குறிப்பு, தாங்கும். அதே இடத்தில் மடிப்பு 20 மி.மீ. என்றால்? 130லிருந்து 150. நீட்சி 15 சதவீதத்தைத் தாண்டுகிறது. கிழிவதற்குத் தயாராக இருங்கள். மடிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ஆரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஓரம் வழவழப்பாக இருந்தால் மட்டும். ரூட்டர் என்ற சுழல்கத்தி இயந்திரத்தில் வெட்டிய பிளாங்க்கின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். கிழிசல் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் பிளாங்க்கை வாங்கியதும் கண்ணால் பார்க்கமாட்டார். கட்டைவிரல் சதையை விளிம்பின்மேல் மெதுவாக ஓட்டுவார். "தம்பி, இங்க பாரு, இந்த எடம் விரலைப் புடிக்குது. இங்கதான் கிழியும்" என்று மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து ஏற்றச் சொல்வார். புள்ளி வைத்த இடத்திலேயே கிழியும். பிறகு அதே பிளாங்க்கில் இன்னொன்றை எடுத்து, எமரித் தாளால் விளிம்பின் நீளத்தோடு தேய்த்து ஏற்றினால் முழுசாக வரும். குறுக்காகத் தேய்க்காதீர்கள், குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கீறல்.

கட்டை: நம் கையில் இருக்கும் பாதி

பத்து இருபது துண்டுக்கு எபாக்சி டூலிங் போர்டு என்ற பிசின் பலகை போதும். தொடர்ந்து வரும் பாகத்துக்கு அலுமினியம். கெட்டியான தகடும் அதிக எண்ணிக்கையும் இருந்தால் ஸ்டீல். இவ்வளவு அழுத்தத்தில் போர்டு எப்படி நசுங்காமல் நிற்கிறது என்று கேட்பீர்கள். எல்லாப் பக்கமிருந்தும் சமமாக அழுத்துவதால் நிற்கிறது. ஆழ்கடலில் மீன் நசுங்காத மாதிரி. ஆனால் கட்டைக்குள் எங்கேயாவது வெற்றிடம் இருந்தால் அந்தச் சமநிலை போய்விடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். தூக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒரு போர்டு கட்டையின் அடிப்பக்கத்தைக் குடைந்து எடை குறைத்தேன். முதல் சுற்றில் பிரஸ்ஸுக்குள்ளிருந்து மந்தமாக ஒரு சத்தம். வெளியே வந்தபோது கட்டை நடுவில் குழிந்து, தகடு அந்தக் குழிக்குள் அப்படியே பதிந்திருந்தது. அடிப்பக்கம் தட்டையாக, முழுசாக, தட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். கட்டைக்குக் கீழே ஒரு சீவல் துண்டு கிடந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கட்டையின் உயரம் மடிப்பின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் போதாது. சவ்வு கட்டையின் பக்கச் சுவரோடு இறங்கி வரும். சுவரும் தட்டும் சந்திக்கும் மூலைக்குள் முழுசாக நுழையாது. அந்த இடத்தில் மடிப்பின் நுனி இருந்தால் நுனி சுவரோடு ஒட்டாமல் வெளியே விரிந்து நிற்கும். மடிப்பு உயரத்தைவிடக் கட்டையை 12 முதல் 15 மி.மீ. கூடுதல் உயரமாகச் செய்யுங்கள். நான் பார்த்த புதியவர்களின் கட்டைகளில் அதிகம் தவறியது இதுதான்.

அடுத்து, தகடு திரும்பி விரிவது. அழுத்தம் போனதும் மடிப்பு கொஞ்சம் திறக்கும். ஓ நிலையில் ஓரிரு டிகிரி, வலுத்த நிலையில் அதைப்போலப் பல மடங்கு. 90 டிகிரி மடிப்பு வேண்டும் என்றால் கட்டையின் சுவரை 90க்குச் செய்யக்கூடாது. விரியும் அளவுக்கு உள்நோக்கிச் சாய்த்துவிட வேண்டும். இரும்பு டையில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் மேலிருந்து நேராக இறங்கும் டை உள்ளே சாய்ந்த சுவரை எட்டாது. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பின்னாலேயே போய் அழுத்தும். முதல் துண்டை அளந்து, எத்தனை டிகிரி விரிந்தது என்று பார்த்து, கட்டையின் சுவரை அதற்கேற்ப மீண்டும் ஒரு முறை ஓட்டி எடுப்பது சாதாரணம். அதற்காகக் கட்டையில் கொஞ்சம் பொருளை மிச்சம் வைத்துச் செய்யுங்கள்.

தகட்டை இடத்தில் நிறுத்த இரண்டு பின்கள் (சிறு முளைகள்) வேண்டும்; ஒன்றே ஒன்று வைத்தால் தகடு சுழலும். பின் தகட்டுக்கு மேலே துருத்தக்கூடாது. துருத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் மேலே மூடித்தகடு போட்டு, அதன் விளிம்புகளை நன்றாக உருட்டிவிடுங்கள். கூரான எதுவும் ரப்பர் விரிப்பைக் குத்திக்கொண்டு சவ்வுக்குப் போகும். சவ்வு கிழிந்தால் வேலை நின்றுவிடும், எண்ணெய் தட்டெல்லாம் பரவும், புதுச் சவ்வு மலிவான பொருளும் அல்ல.

ஏற்றுவது

இது சீக்கிரம் முடிந்துவிடும். கட்டையைத் துடையுங்கள். தகட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சீவல் இருந்தாலும் அது தகட்டில் முத்திரையாக விழும். பின்னில் மாட்டுங்கள். ரப்பர் விரிப்பைப் போர்த்துங்கள். வெளிப்புறம் வளையும் ஓரங்கள் இருந்தால் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ரப்பர்த் துண்டு. முதல் சுற்றை முழு அழுத்தத்துக்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தகடு எப்படி நகரத் தொடங்குகிறது என்பது பாதியில்தான் தெரியும். முழு அழுத்தத்துக்குப் பிறகு தடயம் அழிந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெய் சுருங்காது என்று பள்ளியில் படித்திருப்போம். 1,000 பாரில் அது சுமார் 5 சதவீதம் சுருங்கும். அவ்வளவு ஆற்றல் அதற்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. குழாய் இணைப்பில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே திசு அழுகும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், அழுத்த எண்ணெய் தோலுக்குள் ஏறியது என்று சொல்லுங்கள்.

முதல் துண்டு என்ன சொல்கிறது

கையில் எடுத்த துண்டில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

குழிந்த ஓரத்தில் கிழிசல் இருந்தால் காரணம் மேலே சொன்ன கணக்கு, அல்லது பிசிறு, அல்லது ஃப்ரீசர்ச் சீட்டு. அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று எல்லாரும் முதலில் நினைப்பார்கள். அதனால் பயனில்லை, மடிப்பு முழுசாக வர அந்த நீட்சி எப்படியும் தேவை.

வெளியே புடைத்த ஓரத்தில் சுருக்கம் வரும். அங்கே விளிம்பு நீள்வதற்குப் பதில் குறுக வேண்டும், 150 மி.மீ. ஆரத்தில் 15 மி.மீ. மடிப்பு என்றால் 9 சதவீதம். மெல்லிய தகடு குறுகுவதைவிட மடங்குவதையே விரும்பும். சின்ன அலைபோல எழும்பினால் அதிக அழுத்தம் அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். அலை உயர்ந்து தன்மேலேயே கவிழ்ந்துவிட்டால் எந்த அழுத்தமும் அதை மீட்காது, இன்னும் கெட்டியாக மடித்து நசுக்கும். அதனால் சுருக்கத்தை அது பிறக்கும்போதே பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் தடித்த ரப்பர்த் துண்டை வைத்தால், அலை எழும்பும் முன்பே அது விளிம்பைக் கட்டையோடு அமுக்கிப் பிடிக்கும். ஒரே பாகத்துக்கு ரப்பரை இடம் மாற்றி மாற்றி ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்ததுண்டு. நேரம் போனதே என்று நான் வருந்தியதில்லை. அந்த ஏழு சுற்றில் கற்றதைக் கொண்டு அடுத்த முந்நூறு துண்டுகளில் ஒரு சுத்தியல் அடிகூட இல்லாமல் போனது.

மூன்றாவது, நடுத்தளம். விரலால் அழுத்தினால் "டப்" என்று உள்ளே போய், இன்னொரு பக்கம் அழுத்தினால் "டப்" என்று வெளியே வரும். சுற்றி உள்ள மடிப்புகள் சமமில்லாமல் நீண்டும் குறுகியும் இருப்பதன் விளைவு அது. நடுவில் விளிம்பு மடித்த துளை ஒன்றோ, நீளமாக ஒரு வரம்போ இருந்தால் இது பெரும்பாலும் போய்விடும். வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லாவிட்டால் வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மேல்பரப்பையும் ஒரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தை ரப்பர்தான் தொட்டது. டை உரசிய கோடு அங்கே இருக்காது. பாலிஷ் செய்த தகடு, பெயின்ட் அடித்த தகடு எல்லாம் பெரும்பாலும் அப்படியே வரும். வாகனக்காரர்கள் இந்த வழிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2006 மாடல் பான்டியாக் சால்ஸ்டிஸ் காரின் வெளித்தகடுகள் பல தகட்டு ஹைட்ரோஃபார்மிங்கில் வந்தவை. ஸ்டாம்பிங்கில் எடுக்கக் கடினமான ஆழமான வளைவுகளை அந்த பானட்டில் பார்க்கலாம்.

ஆழமாக இழுக்க வேண்டுமென்றால்

கிண்ணம், கூம்பு, அரைக்கோளம் போன்றவற்றுக்கு பிரஸ் வேறு. இங்கே பஞ்ச் கீழிருந்து மேலே ஏறும். தகடு ஒரு வளையத்தின்மேல் படுத்திருக்கும். மேலே சவ்வு மூடிய எண்ணெய் அறை இறங்கித் தகட்டின்மேல் உட்காரும். பஞ்ச் ஏற ஏறத் தகட்டை அந்த எண்ணெய் பஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடிக்கும்.

அந்தப் பிடியில்தான் ஆதாயம். சாதாரணமாக இழுக்கும்போது முழு இழுவையும் பஞ்சின் முனை ஆரத்தில் விழுகிறது. தகடு அங்கே மெலிந்து கிழிகிறது. இங்கே பக்கச் சுவரும் பஞ்சோடு ஒட்டியிருப்பதால் உராய்வு இழுவையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. சாதாரண முறையில் வட்டத் தகட்டின் விட்டம் பஞ்சின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 2 மடங்கு வரை போகலாம், இங்கே 2.5 மடங்கைத் தொடலாம். எண்ணில் சொன்னால், 100 மி.மீ. பஞ்சில் 200 மி.மீ. வட்டம் 75 மி.மீ. ஆழக் கிண்ணம் தரும். 250 மி.மீ. வட்டம் 131 மி.மீ. தரும். இடையில் ஒரு முறை இழுத்து, சூடேற்றித் தளர்த்தி, மறுபடி இழுக்கும் வேலை மிச்சம். கூம்புக்கு இன்னும் நல்லது: சாதாரண டையில் பஞ்ச் முனைக்கும் டை வாய்க்கும் நடுவே தகடு அந்தரத்தில் தொங்கிச் சுருங்கும், இங்கே அந்த இடத்துக்குப் பின்னாலும் எண்ணெய் நிற்கிறது.

ஆனால் பஞ்ச் ஏறும் உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை எப்படி ஏற்றுவது என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் குறைவாக இருந்தால் சுருக்கம், சீக்கிரமே அதிகமானால் ஓரத் தகடு உள்ளே வர முடியாமல் கிழிசல். உயரம் ஒரு பத்தி, அழுத்தம் ஒரு பத்தி என்று நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். கிழிந்த துண்டையும் எறியாமல், எந்த உயரத்தில் கிழிந்தது என்று அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

சொந்த பிரஸ் இல்லாதவர்கள்

பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. வேலையை வெளியே கொடுக்கும்போது வரைபடத்தை மட்டும் அனுப்பினால் அவர்கள் ஊகத்தில் விலை சொல்வார்கள், அந்த ஊகத்தின் செலவு உங்கள் தலையில் விழும். தகட்டின் பெயரோடு நிலையையும் எழுதுங்கள். முடிவில் எந்த நிலை வேண்டும் என்பதைத் தனியாக எழுதுங்கள். எந்தப் பக்கத்து அளவு முக்கியம் என்று சொல்லுங்கள். உள் அளவைக் கட்டை கட்டுப்படுத்தும், வெளி அளவு தகட்டின் தடிமனோடு கூடிக் குறையும். பின்னுக்கு இரண்டு துளை வைக்க எங்கே அனுமதி என்று காட்டுங்கள். எத்தனை துண்டு, இந்த வருடம் மட்டுமா, மறுபடி வருமா என்று உண்மையைச் சொல்லுங்கள். போர்டு கட்டையா அலுமினியமா என்பது அதைப் பொறுத்தது. அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது, பிரஸ்ஸின் அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு, தட்டின் அளவு என்ன, கைவேலைக்குத் தனிக் கட்டணமா என்பது.

கட்டை உங்கள் செலவில் செய்ததென்றால் அது உங்களுடையது என்று எழுதி வாங்குங்கள். அதோடு, கட்டையின் பக்கத்திலேயே ஒரு தகரச் சீட்டு அடிக்கச் சொல்லுங்கள்: எந்த பிளாங்க், எவ்வளவு அழுத்தம், எந்தத் தடிமன் ரப்பர், எந்த இடத்தில் கூடுதல் துண்டு. ஒரு வருடம் கழித்து மறு ஆர்டர் வரும்போது முதலில் வேலை செய்தவர் வேறு பட்டறைக்குப் போயிருப்பார். அந்தச் சீட்டு இருந்தால் புது ஆள் முதல் சுற்றிலேயே நல்ல துண்டு எடுப்பார்.